பெட்டிக்குப் போர்த்திய கேன்வாஸ்

சுங்கை ரோத்தான் தோட்டத்துச் சனங்களுக்கு மழைச் சத்தம் பழக்கம். பெட்டிச் சத்தம்தான் பழகவில்லை.

வரிசை வீடுகளான லயத்துக்கு எதிரே, முன்பு எண்ணெய்ச் செம்பனைக் கன்று வளர்த்த மேட்டில், கரண்டு கம்பெனி ஆட்கள் வந்து மூன்று வெள்ளைப் பெட்டிகளை இறக்கினார்கள். கப்பலில் சாமான் ஏற்றுகிற பெட்டி மாதிரி. சுற்றிலும் கம்பிவேலி, வேலிக்கு ஒரு கேட், கேட்டைக் காவல் காக்க ஒரு ஜாகா. உள்ளே முழுக்க பேட்டரி என்றார்கள். லயத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன, வேண்டாம் என்று சொன்னதும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்களா? ஒவ்வொரு பெட்டியின் விலாவிலும் பெரிய காற்றாடிகள். ராத்திரி பகல் கிடையாது, இரைந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறினால் சத்தமும் ஏறும்.

பேச்சியம்மாளுக்கு அந்த வேலிக்குள்ளே புல் வெட்டிக் கூட்டுகிற வேலை. போன முதல் நாளிலிருந்தே பயம். பெட்டிக்குப் பக்கத்தில் புல் வெட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பார்க்காமல் இருந்தால் அது ஒன்றும் செய்யாது என்று ஒரு நினைப்பு. கோயில் கமிட்டித் தலைவன் ஜெயபாலன் வேறு தன் போனில் ஒரு படத்தைக் காட்டி வைத்திருந்தான். ஏதோ வெளிநாடு. இதே மாதிரிப் பெட்டி. முதலில் புகை வெள்ளையாக, மெதுவாக, சாம்பிராணி போட்ட மாதிரிதான் வந்தது. அப்புறம் கதவு பறந்தது.

"பாத்துக்கங்க அக்கா. தண்ணி ஊத்தினாலும் அணையாதாம். நாள்கணக்கா எரியுமாம். நம்ம லயம் எவ்ளோ தூரம்? இங்கேருந்து ஒரு பந்து அடிச்சா உங்க வாசல்ல விழுந்துரும்."

"எங்கிட்ட ஏன் தம்பி காட்டுற? விடிஞ்சா நான் அங்கதான் குனிஞ்சி நிக்கணும்."

"வேலைய வேணாம்னு சொல்லிட்டு வாங்க லா. எடுத்துட்டுப் போகச் சொல்லி நான் பேசிக்கிட்டு இருக்கேன். எடுக்க வச்சிருவேன்."

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய இன்னொரு பயம். அதை ஜெயபாலனிடம் சொல்லவில்லை.

பெட்டி வருவதற்கு முன்னால் அந்த லயத்தில் சாயந்திரம் என்றாலே கரண்டு செத்த கரண்டுதான். கம்பி எங்கோ உலு திராம் பக்கமிருந்து வருகிறது, இந்தத் தோட்டத்தோடு முடிகிறது. வழியெல்லாம் புது வீடுகள், தொழிற்சாலைகள். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் இழுத்தால், கடைசியில் இருக்கிறவனுக்கு மிச்சம் மீதிதான். பல்பு மஞ்சளாகிப் போகும். ரைஸ் குக்கரில் அரிசி வேகாமல் ஊறிக் கிடக்கும். சபாபதியின் மூச்சு மெசின் மட்டும் வீல் வீல் என்று கத்திவிட்டு நின்றுபோகும்.

சபாபதி அவள் புருஷன். எண்ணெய் மில்லில் பாய்லர்காரராக இருந்தவர். செம்பனை நாரையும் கொட்டையோட்டையும் அடுப்புக்குள் தள்ளித் தள்ளி, அந்தப் புகையைக் குடித்துக் குடித்து, இப்போது நுரையீரல் இரண்டும் பழைய சல்லடை மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெசின். அறைக் காற்றை உறிஞ்சி, நல்ல காற்றாகப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். அதற்குக் கரண்டு சரியாக வரவேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் அது வேலை செய்யாது.

பெட்டி வந்த பிறகு குறையவில்லை. பகலில் ஊர் சும்மா இருக்கிற நேரத்தில் பெட்டி கரண்டைத் தின்று வைத்துக்கொள்ளும். சாயந்திரம் எல்லோரும் இழுக்கும்போது அதைக் கக்கும். கம்பெனியிலிருந்து வந்த பிரேமகுமார் என்ற என்ஜினியர் இப்படித்தான் விளக்கினான். சபாபதி அவனை நம்பவில்லை. "கிராணி வீட்டுப் பேச்சு பேசறான்" என்றார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவர்கள் எல்லாம் இவனை மாதிரி சிலோன்காரர்கள். அவர்கள் பேச்சில் இனிப்பு இருக்கும், சம்பளத்தில் பிடிப்பு இருக்கும் என்பது அவர் அனுபவம். ஆனால் மெசின் நிற்கவில்லை. பேச்சியம்மாள் அதைத்தான் பார்த்தாள். வெடித்துவிடுமோ என்று பயந்த பெட்டியிடமிருந்துதான் புருஷனுக்கு மூச்சு வந்தது. இப்படி ஒரு நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

அந்த டிசம்பரில் பிடித்த மழை விடுகிற மழையாக இல்லை. கோத்தா திங்கி ஆறு நிறைந்து, பின்னால் ஏறி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே வந்துவிட்டது. காலையில் பார்த்தபோது பள்ளத்து மரங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. பெரிய ரோட்டுக்குப் போகிற பாலம் மேல் தண்ணீர் ஓடுகிறது என்று ஆட்கள் சொன்னார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிற மகள் யோகேஸ்வரி போன் செய்து அழுதாள்.

"அம்மா, அப்பாவ முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கம்மா."

"எதுல கொண்டு போறது? சம்பான் படகுலயா?"

"ஆம்புலன்ஸ் கூப்டுங்க."

"ஆம்புலன்ஸ் என்ன மீனா, நீந்தி வர? நீ வேலையப் பாரு. அப்பா நல்லாத்தான் இருக்காரு. மெசின் ஓடுது."

போனை வைத்துவிட்டு இக்கான் பிலிஸ் நெத்திலியை வறுத்து, சம்பலில் புரட்டினாள். கஞ்சிக்கு அது போதும். சபாபதி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய். ஒரு வாக்கியம் பேச இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"பேச்சி. தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

"ஏறாதுன்னு நெனக்கிறேன்."

"நெனப்ப நம்பாத. பெரிய வெள்ளத்துல... மில்லுக்குள்ளயே வந்துச்சி. அந்த ஜெனரேட்டர நான் எப்படிக் காப்பாத்துனேன்?"

"கேன்வாஸ் போட்டுக் கட்டுனீங்க. மேனேஜர் கையக் குலுக்கிப் பாராட்டுனாரு. எத்தன வாட்டி சொல்லுவீங்க?"

"சொன்னாத்தான... புத்தியில நிக்கும். போயி அர்ச்சுனன்ட்ட சொல்லு. அந்தப் பெட்டிய மூடிக் கட்டச் சொல்லு. பேட்டரில தண்ணி பட்டா என்ன ஆவும்? ஜெயபாலன் காட்டுனான்ல."

வெள்ளம் என்றால் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்த வேலை அதுதான். ஐஸ்பெட்டியைச் செங்கல் மேல் ஏற்று. தூக்க முடியாததற்கு கேன்வாஸைப் போர்த்தி, ராப்பியா கயிற்றால் வரிந்து கட்டு. பெரிய வெள்ளத்தில் அப்படிக் கட்டிய சாமான்தான் தப்பித்தது. கட்டாதது சேற்றோடு குப்பைக்குப் போனது. இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவேண்டியதில்லை.

ஜாகா அர்ச்சுனன் கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் குளிருக்குப் பயந்து இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டு இந்த வேலைக்கு வந்தவன்.

"தம்பி, ஆபீசுக்குப் போன் பண்ணியா?"

"லைன் இல்லக்கா. ஒரு மணி நேரமா அடிக்கிறேன். டவர் எங்கயோ மூழ்கிப் போச்சி போல."

"பெட்டிய மூடணும்னு அவரு சொல்றாரு."

அர்ச்சுனன் எழுந்து வேலிக்குள் எட்டிப் பார்த்தான். மழை சாய்வாக அடித்தது. காற்றாடிகளின் கம்பி இடுக்குகளுக்குள் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது.

"அலமாக். இது உள்ள போவுதேக்கா."

"கேன்வாஸ் இருக்கா?"

"நமக்கு எங்க இருக்கு? கோயில்லதான் இருக்கு. திருவிழாப் பந்தலுக்கு வாங்குனது."

கோயில் சாமானை ஜெயபாலன் எளிதில் வெளியே விடுகிறவன் இல்லை. பெட்டிக்குப் போர்த்த என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் லோரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பெட்டியை எடு எடு என்று கத்துகிறவனுக்குத்தான் பெட்டியைப் பற்றிய பயமும் அதிகம்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க அக்கா. ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது. இது வெடிச்சா கோயிலும் சேந்து போயிரும்."

மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டே கட்டினார்கள். இரண்டு பெட்டிகளுக்குத்தான் கேன்வாஸ் போதுமாக இருந்தது. ஏணி வைத்து மேலேயிருந்து போர்த்தி, காற்றாடிப் பக்கம் இரட்டை மடிப்பாக மடித்து, கயிற்றைக் கீழே விட்டு இழுத்து, பேச்சியம்மாள்தான் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போடும்போது அவள் புறங்கை பெட்டியின் மேல் பட்டது. நாய்க்குட்டியின் வயிறு மாதிரி இளஞ்சூடு. உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

கேட்டில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மலாயில் நாலு வரி, இங்கிலீசில் நாலு வரி, சிவப்பில் ஒரு மண்டையோடு. மண்டையோடு மட்டும் எல்லோருக்கும் புரியும்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது சபாபதி சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

"கேட்டியா? சத்தம் கொறஞ்சிருச்சி. வாயப் பொத்துன மாதிரி. இன்னைக்கி நிம்மதியா தூங்கலாம்."

அவளும் காதுகொடுத்தாள். ஆமாம். ஊங்காரம் அடங்கி, கம்பளிக்குள்ளிருந்து ஒருத்தர் முனகுகிற மாதிரிதான் வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு அரிசி களைந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். சாமிப் படத்துக்கு முன்னால் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். எதிரே மேட்டில் ஒரு சங்கு அலறியது. மில் சங்கு மாதிரி இழுவையாக இல்லை. நறுக்கு நறுக்காக, நாயை அடித்தால் கத்துமே, அந்த மாதிரி. ஜன்னலில் வெள்ளை வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது.

அவள் கையிலிருந்த தீப்பெட்டி விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் பல்பு மங்கியது. பழைய மஞ்சள். ரைஸ் குக்கரின் விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அடங்கியது. அப்புறம் கட்டில் பக்கத்திலிருந்து அவள் மறந்தே போயிருந்த அந்தச் சத்தம் வந்தது. வீல், வீல், வீல். மெசின் நின்றது.

"என்னங்க!"

சபாபதி கையைத் தூக்கி, இரு என்று காட்டினார். வாய் பேசவில்லை. தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. கட்டிலுக்கு அடியில் அவசரத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அதை இழுத்து, குழாயை மாற்றி, சிலிண்டர் குமிழைத் திருகினாள். காற்று உஸ் என்றது. அவர் கண்ணை மூடித் திறந்தார். சிலிண்டரின் வட்டத்தில் முள் பாதிக்குக் கீழேதான் நின்றது. போன வாரமே மாற்றியிருக்க வேண்டும். மழை.

வெளியே கூச்சல். கதவுகள் அடித்தன. பிள்ளைகள் அழுதன. ஜெயபாலனின் லோரி வாசலில் வந்து நின்று ஹாரனை விடாமல் அடித்தது.

"அக்கா! ஏறுங்க! வெடிக்கப் போவுது! எல்லாரும் கோயில் மேட்டுக்குப் போறோம்!"

"அவர எப்படித் தூக்குறது தம்பி?"

"நாலு பேரு தூக்குவோம். நாக்காலியோட தூக்கிருவோம் லா!"

"தூக்கி? அங்க போயி? சிலிண்டர் தீந்துட்டா?"

ஜெயபாலன் சபாபதியைப் பார்த்தான். மூக்குக் குழாயைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த அவசரம் சட்டென்று வேறு மாதிரி ஆயிற்று.

"கோயில்லயும் இதே செத்த கரண்டுதான்" என்றான் மெதுவாக.

"ரோட்டு?"

"பாலம் போச்சி அக்கா. போம்பாவுக்கு அடிச்சேன். தீயணைக்கிற வண்டியே அந்தப் பக்கம் நிக்குதாம், வர முடியலையாம்."

லோரியில் இருந்த பெண்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. சபாபதி கட்டிலிலிருந்து கையை ஆட்டினார், போ என்று. ஜெயபாலனைப் பார்த்து ஆட்டினாரா, அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"நீங்க புள்ளைங்கள ஏத்திட்டுப் போங்க" என்றாள்.

"நீங்க?"

"நான் இவர விட்டுட்டு எங்க வர? போங்க."

லோரி போனது. லயம் முழுக்க காலி. சங்கு மட்டும் அலறிக்கொண்டே இருந்தது. பேச்சியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். மேட்டில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் பெட்டிகள் தெரிந்தன. கேட்டுக்கு வெளியே, சரிவில், கொட்டகையை விட்டுத் தள்ளி, அர்ச்சுனன் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றான். லைன் வந்துவிட்டது போலிருக்கிறது. அவள் மூலையில் இருந்த புல்லரிவாளை எதற்கென்று யோசிக்காமலே எடுத்துக்கொண்டாள். பயம் வந்தால் கைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது.

"இந்தா வந்துர்றேன். அசையாம இருங்க. பேசாதீங்க."

லயத்துக்கும் மேட்டுக்கும் நடுவே ரோட்டில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஓடியது. செருப்பு ஒன்று கழன்று போனது. அவள் கிட்டே வருவதைப் பார்த்ததும் அர்ச்சுனன் கையை ஆட்டினான்.

"வராதீங்கக்கா! என்ஜினியர் லைன்ல இருக்காரு. யாரும் கிட்டப் போவக்கூடாதாம்."

"எங்கிட்டக் குடு." போனைப் பிடுங்கினாள். "சார், நான் பேச்சியம்மா. புல்லு வெட்றவ. எங்க வீட்டுக்காரரு மெசின் நின்னு போச்சி சார்."

மறுபக்கம் பிரேமகுமாரின் குரலில் பழைய இனிப்பு எதுவும் இல்லை. "அம்மா, நான் ஜேபி டவுன் ஆபீசுல இருக்கேன். எனக்கு இங்க சூடு காட்டுது. ரெண்டு பெட்டி ரொம்ப சூடாகி தானா நின்னிருச்சு, காத்தாடி மட்டும் சுத்துது. பாதுகாப்புக்காக மூணாவதையும் சிஸ்டமே நிறுத்திருச்சு. கேமராவுல பாக்கறேன், சரியா தெரியல, வெள்ளைப் பெட்டி கறுப்பா இருக்கு. பெட்டி மேல என்னம்மா அது?"

"கேன்வாஸ் சார்."

"என்ன?"

"கேன்வாஸ். தண்ணி படாம... நாங்கதான் கட்டுனோம்."

மழை போன் மேல் விழுந்தது.

"காத்தாடிய மூடிட்டீங்களா அம்மா? அது மூச்சு விடற எடம்மா. அந்தப் பெட்டி இடுப்பு உசரத் தூணு மேல நிக்குது, தண்ணி வராம இருக்கத்தான் அப்படிக் கட்டுனது. மழை தெறிச்சா அதுக்கு ஒண்ணும் ஆவாது. கேட்டு போர்டுலயே போட்டிருக்கு, அடைக்கக்கூடாதுன்னு."

"அந்த போர்ட எங்கள்ல யாரு படிப்பா? வந்து நின்னு ரெண்டு வார்த்த நீங்க சொல்லிருக்கலாம்ல?" என்று கத்தினாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. உடனே தணிந்தாள். "இப்ப அவுத்துட்டா சரியாவுமா சார்?"

"வேணாம். போம்பா வரட்டும். உள்ள என்ன நெலமைன்னு எனக்கு முழுசா தெரியாது. கிட்டப் போனா உயிருக்கு ஆபத்து."

"போம்பா பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது சார். சிலிண்டர்ல கொஞ்சந்தான் இருக்கு. அவுத்தா சூடு எறங்குமா எறங்காதா, அத மட்டும் சொல்லுங்க."

பிரேமகுமார் மூச்சுவிடுவது கேட்டது. "எறங்கணும்" என்றான். "ஆனா நான் போகச் சொல்லலம்மா. நான் சொல்லமாட்டேன்."

அவள் போனை அர்ச்சுனன் கையில் திணித்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, எனக்கு சின்னப் புள்ளைங்க. நான் உள்ள வரமாட்டேன். சத்தியமா என்னால முடியாது."

"உன்ன யாரு கூப்டா? டார்ச்ச அடி."

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். காலையில் வெட்டாமல் விட்ட புல் காலில் உரசியது. சங்கு தலைக்குள்ளேயே அடித்தது. முதல் பெட்டியை நெருங்கியபோது வெள்ளை வெளிச்சம் ஒருமுறை வெட்டியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கேன்வாஸின் மேல் புகை. வெள்ளையாக, மெதுவாக, ஓரங்களிலிருந்து சுருண்டு சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. ஜெயபாலன் போனில் பார்த்த அதே புகை. அடுத்தது கதவு பறக்கும்.

கால் திரும்பிவிட்டது. ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இரண்டு எட்டு ஓடவும் செய்தாள். திரும்பியபோது கீழே லயம் தெரிந்தது. வரிசையாக இருட்டுக் கதவுகள். ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு நிழல். அவர் இங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு எங்கே பார்ப்பார்?

"அக்கா, வந்துருங்க! புகை வருது!" அர்ச்சுனன் டார்ச்சோடு பின்வாங்கிக்கொண்டே கத்தினான்.

மூக்கைத் தூக்கினாள். புகைக்கு வாசனை இருக்கவேண்டுமே. பாய்லர்காரன் பெண்டாட்டிக்குப் புகை வாசனை தெரியாதா? ரப்பர் கருகல் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. வெந்நீரில் போட்ட பழைய துணியின் வாசனைதான். மழைநீர் சூட்டில் ஆவியாகப் போகிறது. அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டாலும் இனி என்ன செய்வது?

"முனியாண்டி" என்றாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அரிவாளைக் கயிற்றுக்குள் விட்டு இழுத்தாள். சொந்தக் கையால் போட்ட முடிச்சு, மழையில் ஊறி இரும்பாய் இறுகியிருந்தது. அவள் கயிற்றை விட்டுவிட்டு கேன்வாஸையே கிழித்தாள். பந்தல் துணி சர் என்று பிளந்தது. மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் தலையில் கொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. மடிப்பு விலகியதும் காற்றாடி அவள் முகத்தில் ஊதியது. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் துணியைப் பிடித்து, உட்கார்ந்தே இழுத்தாள். பாதி வந்தது. மறுபடி கிழித்தாள்.

இரண்டாவது பெட்டியில் கைக்கு வலு இல்லை. அழுதுகொண்டே கிழித்தாள். பயத்துக்கா, அனலுக்கா, கோபத்துக்கா என்று சொல்ல முடியாது. துணி விழுந்ததும் அந்தக் காற்றாடியும் வாய் திறந்து கத்தியது. அவள் அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கேட்டில் அர்ச்சுனன் போனை அவள் காதுக்கு நீட்டினான்.

"எறங்குதும்மா" என்றான் பிரேமகுமார். "சூடு எறங்குது. இன்னும் கொஞ்சம் எறங்கணும். எறங்கினதும் நான் இங்கேருந்தே ஓட வைக்கறேன். அதுவரைக்கும் அது ஓடாது."

"எவ்ளோ நேரம் சார்?"

"பொய் சொல்ல விரும்பல. தெரியாது."

வீட்டுக்குள் வந்தபோது சபாபதி அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். முள் சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது. அவள் ஈரத்தோடே கட்டிலில் ஏறி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அவர் விலா எலும்பு ஒவ்வொன்றும் அவள் கைக்குத் தெரிந்தது.

"அவுத்தியா?"

"அவுத்துட்டேன். பேசாதீங்க."

"முப்பது வருசத்துல... இன்னைக்கித்தான்... நான் சொன்ன பேச்சக் கேட்ட." நடுவில் ஒரு இருமல். "கேட்டு... என்ன ஆச்சி பாத்தியா?"

"இந்த நேரத்துலயும் வாய் போவுதா உங்களுக்கு?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு மூச்சைத் தின்றது. சிலிண்டரின் உஸ் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அவள் அவருடைய மூச்சோடு சேர்ந்து தானும் மூச்சுவிட்டாள். அவர் இழுக்கும்போது இழுத்தாள், விடும்போது விட்டாள். அப்படிச் செய்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்கிற மாதிரி. யோகேஸ்வரியின் பெயர் போனில் மின்னி மின்னி அடங்கியது. எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

முள் அடிமட்டத்தைத் தொட்டது. உஸ் நின்றது.

சபாபதியின் விரல்கள் அவள் முழங்கையை இறுக்கின. நகம் உள்ளே போனது. அவள் வலிக்கவில்லை என்று சொல்ல நினைத்தாள். அவர் வாய் திறந்திருந்தது, எதுவும் உள்ளே போகிற மாதிரி தெரியவில்லை. பேச்சியம்மாள் அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

வெளியே சங்கு சட்டென்று அறுந்தது.

பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு ஏறியது. யாரோ திரியைத் தூண்டிவிட்ட மாதிரி மெல்ல ஏறி அப்படியே நின்றது. அடுக்களையில் ரைஸ் குக்கர் டக் என்றது. அவள் கட்டிலிலிருந்து விழுந்து எழுந்து, மெசினின் பொத்தானை அமுக்கினாள். அது ஒருமுறை கூவியது. உறுமியது. குழாயை மாற்றி அவர் மூக்கில் வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நிறம் மாறுவதைப் பார்த்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"விடு" என்றார் சபாபதி. "மூக்கு வலிக்குது."

மறுநாள் விடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. ஜெயபாலனின் லோரி சேற்றில் உறுமிக்கொண்டு வந்தது. பின்னால் லயத்துச் சனங்கள், பாய் தலையணையோடு. அவன் முதலில் மேட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தான். கையில் கிழிந்த கேன்வாஸ், ஈரம் சொட்டச் சொட்ட.

"அக்கா! இத யாரு இப்படி அறுத்தது? கோயில் சாமான் அக்கா இது! பங்குனித் திருவிழாவுக்கு நான் என்ன பண்ணுவேன்? அர்ச்சுனன் என்னமோ சொல்றான், நீங்க உள்ள போனீங்கன்னு. நெசமா? அந்தச் சனியன் இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு பாருங்க. நான் விடமாட்டேன், இன்னைக்கே பேசி..."

பேச்சியம்மாள் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு பக்கம் அனலில் சிவந்து போயிருந்தது. பின்னால் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. மழைச்சாரல் கட்டில் கால் வரைக்கும் அடித்திருந்தும் அவள் மூடவில்லை.

"தம்பி" என்றாள். "எஞ்சின நிறுத்து."

"என்னக்கா?"

"லோரி எஞ்சின நிறுத்து. கேக்க மாட்டேங்குது."

ஜெயபாலன் ஒன்றும் புரியாமல் டிரைவர் பக்கம் கையைக் காட்டினான். எஞ்சின் நின்றது. வண்டியில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கழுத்தைச் சாய்த்து மேட்டுப் பக்கம் காதைக் கொடுத்தாள். முதல் பெட்டி. இரண்டாவது. மூன்றாவது. இரைந்துகொண்டிருந்தன. உள்ளே, அதற்கு அடியில், மெசினின் உறுமல்.

"சரி" என்றாள். எழுந்து கோப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அடுப்படியில் இரண்டு தடவை கையை அப்படியே நிறுத்தி, திரும்பவும் காதுகொடுத்தாள்.